பார்னி விலென்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கும் நண்பர்களிடம் பார்னி விலென் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் "அந்த மைல்ஸ் டேவிஸ் படத்தில் வாசித்த பையன்தானே?" என்பார்கள். மீதிப் பேருக்குப் பெயரே தெரியாது. பையனாக இருந்தது 20 வயதில் ஒரு இரவு. அதற்குப் பிறகு இன்னும் 38 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார், வாசித்தார், காணாமல் போனார், திரும்பி வந்தார். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து, தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இவர்?

பிரான்சின் டெனர் சாக்ஸபோன் கலைஞர், இசையமைப்பாளர். 1937 மார்ச் 4 அன்று நீஸ் நகரில் பிறந்தார். 1996 மே 25 அன்று பாரிசில் காலமானார். டெனர்தான் அவருடைய முதன்மையான வாத்தியம். சோப்ரானோ, ஆல்டோ, பாரிடோன் சாக்ஸபோன்களையும் வாசித்திருக்கிறார்.

விலென் என்பது பிரெஞ்சுப் பெயர் மாதிரி இல்லையே?

அப்பா அமெரிக்கர். பல் மருத்துவராக இருந்து, பிறகு கண்டுபிடிப்பாளராக மாறியவர். அம்மா பிரெஞ்சுக்காரர். இரண்டு மொழியும் வீட்டிலேயே இருந்தது பின்னாளில் அவருக்குப் பெரிய வசதி. அமெரிக்காவிலிருந்து பாரிசுக்கு வந்த கலைஞர்களோடு முதல் நாளிலிருந்தே அவரால் சகஜமாகப் பேச முடிந்தது.

சாக்ஸபோன் பக்கம் எப்படி வந்தார்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தகவல் உண்டு. ப்ளேஸ் சாந்த்ரார் என்ற கவிஞர், ஊர் ஊராகச் சுற்றியவர், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். அவர் விலெனின் அம்மாவுக்கு நண்பர். இந்தப் பையன் இசைக்கலைஞனாகத்தான் ஆக வேண்டும் என்று ஊக்கப்படுத்தியவர் அவர்தான். நாடோடியாகத் திரிந்த ஒரு கவிஞரின் சொல்லைக் கேட்டுத் தொடங்கியவர், பின்னால் தானும் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிப் போனார் என்பதை நினைத்துப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

நீஸ் நகரக் கிளப்களில் வாசித்துப் பழகி, 1950களின் நடுவில் பாரிஸ் வந்து சேர்ந்தார். வந்த வேகத்திலேயே கவனிக்கப்பட்டார். 1956 டிசம்பரில், மாடர்ன் ஜாஸ் குவார்ட்டட் குழுவின் பியானோ கலைஞர் ஜான் லூயிஸும் கிதார் கலைஞர் சாஷா டிஸ்டெலும் சேர்ந்து பதிவு செய்த 'ஆஃப்டர்நூன் இன் பாரிஸ்' இசைத்தட்டில் சாக்ஸபோன் வாசித்தவர் இவர். அப்போது வயது 19.

அடுத்த ஆண்டு சொந்தப் பெயரில் முதல் இசைத்தட்டு, 'டில்ட்'. அந்தப் பதிவுகளில் அமெரிக்கப் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் எழுதிய மெட்டுகள் பலவற்றை எடுத்து வாசித்தார். இதன் அருமை இன்று சட்டென்று புரியாது. மங்கின் மெட்டுகளை இன்று ஜாஸ் பயிலும் எல்லோரும் வாசிக்கிறார்கள். 1957இல் அவை கோணலானவை, கஷ்டமானவை என்று பலரும் ஒதுங்கிப்போன காலம். அப்போது ஐரோப்பாவில் இருக்கும் ஒரு 19 வயதுக்காரர் முதல் தட்டிலேயே அதைத் தொட்டது துணிச்சல்.

மைல்ஸ் டேவிஸோடு வாசித்த கதை என்ன?

எல்லோரும் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1957 கடைசியில் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தனியாக, தன் குழு இல்லாமல், பாரிசுக்கு வந்தார். வரவழைத்தவர் மார்செல் ரொமானோ. இசைக் கச்சேரிகளை ஏற்பாடு செய்பவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வரும். கிளப் சேன் ழெர்மேனில் மைல்ஸுக்குத் துணையாக வாசிக்க ஒரு குழு அமைந்தது. பியானோவில் ரெனே உர்த்ரெழே, டபுள் பேஸில் பியேர் மிஷ்லோ, டிரம்ஸில் கென்னி கிளார்க், சாக்ஸபோனில் விலென். கென்னி கிளார்க் மட்டும் அமெரிக்கர், மற்ற மூவரும் பிரான்ஸ்காரர்கள்.

அதே சமயம் லூயி மால் என்ற 25 வயது இயக்குநர் தன் முதல் கதைப் படத்தை முடித்து வைத்திருந்தார். 'அசான்சர் பூர் லெஷாஃபோ', அதாவது 'தூக்குமேடைக்கு லிஃப்ட்'. காதலியின் கணவனைக் கொன்றவன் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். அவன் ஏன் வரவில்லை என்று தெரியாமல் அவள் இரவெல்லாம் பாரிஸ் தெருக்களில் தேடி அலைகிறாள். அவளாக நடித்தவர் ழான் மொரோ. அந்த நடையை ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்கா கடை வெளிச்சத்திலேயே, தனியாக விளக்கு வைக்காமல் எடுத்தார். இந்தக் காட்சிகளுக்கு மைல்ஸ் வாசித்தால் எப்படி இருக்கும் என்று மால் ஆசைப்பட்டார். ரொமானோ வழியாக அது நடந்தது.

டிசம்பர் 4 இரவு, ஷான்செலிசே சாலையில் இருந்த போஸ்ட் பரிசியேன் ஸ்டூடியோவில் ஐந்து பேரும் கூடினார்கள். மைல்ஸுக்குப் படத்தை முன்பே போட்டுக் காட்டியிருந்தார்கள். அவர் சில ஸ்வர அடுக்குகளை மட்டும் யோசித்து வைத்திருந்தார். எழுதிக் கொடுத்த இசைத்தாள் கிடையாது. திரையில் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். விடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ழான் மொரோ நடந்ததும் அதே ஷான்செலிசே பகுதிதான். திரையில் தெரிந்த இரவுக்கும் ஸ்டூடியோவுக்கு வெளியே இருந்த இரவுக்கும் இடையில் ஒரு சுவர்தான்.

படம் 1958 ஜனவரியில் வெளியானது. படத்தில் இசை வரும் நேரம் மொத்தமாக 20 நிமிடத்தைத் தாண்டாது. ஆனாலும் உலகம் முழுக்க அதைத்தான் பேசுகிறார்கள்.

அதில் விலெனின் பங்கு என்ன? மைல்ஸ்தானே எல்லாம்?

மைல்ஸின் இரவுதான் அது, சந்தேகமில்லை. பல துண்டுகளில் சாக்ஸபோன் வருவதே இல்லை. ஆனால் வரும் இடங்களில் உற்றுக் கேளுங்கள். நெடுஞ்சாலைக் காட்சிக்கான வேகமான துண்டில் விலென் தனியாக வாசிக்கிறார். அடைப்பான் போட்ட டிரம்பெட்டின் ஒடுங்கிய குரலுக்குப் பக்கத்தில் அவருடைய டெனர் அகலமாக, மென்மையாக வந்து நிற்கிறது. மைல்ஸைப் போலச் செய்து காட்ட அவர் முயலவில்லை. போட்டியும் போடவில்லை. 20 வயதில், அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தேவையான அளவு மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

இன்னொன்று. அந்தக் காலத்து எல்.பி.யில் எதிரொலி சேர்த்து வெளியிட்டார்கள். பிற்காலத்தில் வந்த முழுமையான சி.டி. பதிப்பில் எதிரொலி சேர்க்காத மூலப் பதிவுகளும் உண்டு. விலெனின் உண்மையான நாதத்தைக் கேட்க வேண்டுமானால் அதைத் தேடிக் கேளுங்கள்.

அவ்வளவு அமெரிக்கக் கலைஞர்கள் ஏன் பாரிசில் இருந்தார்கள்?

கறுப்பினக் கலைஞர்களுக்குச் சொந்த நாட்டில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது, வேலையும் கிடைத்தது. கென்னி கிளார்க் 1956இல் அங்கேயே குடியேறிவிட்டார். பியானோ கலைஞர் பட் பவல் 1959இல் வந்தார். டிரம்ஸ் வாசிப்பின் போக்கையே மாற்றிய மனிதர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், தினமும் இரவு அவரோடு வாசிக்கலாம் என்றால் ஒரு இளைஞனுக்கு வேறு பள்ளிக்கூடம் எதற்கு? விலெனுக்கு வாய்த்தது அந்தப் பாரிஸ்.

அவருடைய வாசிப்பில் என்ன விசேஷம்?

நிதானம். தொடக்க காலத்தில் அமெரிக்க டெனர் கலைஞர் லெஸ்டர் யங்கின் சாயல் அவரிடம் தெளிவாகத் தெரியும். சத்தத்தைக் கூட்டி மிரட்டாமல், சொல்ல வந்ததைக் கொஞ்சம் பின்தங்கிச் சொல்வது. வேகமான மெட்டிலும் அவர் ஓடுவதாகத் தோன்றாது. 1958இல் பதிவான 'ஜாஸ் சூர் சேன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தட்டில் மில்ட் ஜாக்சன் தன் வழக்கமான வைப்ரஃபோனை விட்டுவிட்டுப் பியானோவில் உட்கார்ந்திருக்கிறார். பெர்ஸி ஹீத் பேஸ், கென்னி கிளார்க் டிரம்ஸ். இத்தனை பெரிய அமெரிக்கர்களோடு விலென் வாசித்தவற்றில் பெரும்பகுதி எவை தெரியுமா? பாடகர் ஷார்ல் த்ரெனேயின் பிரெஞ்சுப் பாட்டுகள், கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் மெட்டுகள். அமெரிக்கப் பாட்டை அமெரிக்கர்களிடமே வாசித்துக் காட்டிப் பாராட்டு வாங்க அவர் முயலவில்லை. தன் தெருவில் கேட்ட பாட்டை எடுத்து வைத்தார். இது தற்செயல் இல்லை என்பது 30 ஆண்டு கழித்துத் தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இசையமைப்பாளர் என்கிறீர்களே, என்ன இசையமைத்தார்?

1959இல் எதுவார் மொலினாரோ இயக்கிய 'அன் தெமுவான் தான் லா வீல்' படம். 'நகரத்தில் ஒரு சாட்சி' என்று சொல்லலாம். நாயகனாக நடித்த லினோ வாந்துரா ஒரு பழிவாங்கும் கொலையைச் செய்துவிட்டு வெளியே வரும்போது, இறந்தவன் முன்பே கூப்பிட்டு வைத்திருந்த டாக்ஸி வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் பார்த்துவிடுகிறார். அப்புறம் பாரிசின் டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொலையாளியைத் துரத்துகிறார்கள். இந்தப் படத்துக்கு இசை விலென். டிரம்பெட்டில் கென்னி டோரம், பியானோவில் ட்யூக் ஜோர்டன், பேஸில் போல் ரொவேர், டிரம்ஸில் கென்னி கிளார்க். இரண்டு ஆண்டு முன்பு மைல்ஸின் பக்கத்தில் கற்றுக்கொண்டதை, 22 வயதில் தன் சொந்தக் கையால் செய்து பார்த்த படம் இது. மைல்ஸின் இசை தனிமையில் நடக்கிறது என்றால் இது துரத்துகிறது. என் கணக்கில் மைல்ஸ் தட்டுக்கு அடுத்தபடி பிரெஞ்சுப் படங்களின் ஜாஸ் இசையில் வைக்க வேண்டியது இதுதான். கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

அதே ஆண்டு வசந்தத்தில் டோரம், ஜோர்டன், ரொவேர் ஆகியோரோடு கிளப் சேன் ழெர்மேனில் நேரடியாகப் பதிவான 'பார்னி' என்ற தட்டும் உண்டு. அதில் டிரம்ஸ் டேனியல் ஹுமேர். கிளப்பின் வெக்கை தட்டிலேயே தெரியும்.

'லே லியேசோன் தான்ழெரூஸ்' படத்தில் வாசித்தது யார்? மங்க்கா, ஆர்ட் பிளேக்கியா, ட்யூக் ஜோர்டனா?

நியாயமான குழப்பம். ரொஜே வதீம் இயக்கிய 'லே லியேசோன் தான்ழெரூஸ் 1960' படத்தில் இரண்டு விதமான இசை இருக்கிறது. ஒன்று மங்க் வாசித்தது. இன்னொன்று, விருந்துக் காட்சிகளுக்காக ட்யூக் ஜோர்டன் எழுதி, டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு வாசித்தது. இரண்டும் 1959 ஜூலைக் கடைசியில் நியூயார்க்கின் நோலா ஸ்டூடியோவில் அடுத்தடுத்த நாட்களில் பதிவாயின. இரண்டிலும் இருக்கும் பொதுவான ஆள் விலென்தான். மங்கின் குழுவில் சார்லி ரௌஸுக்குப் பக்கத்தில் இரண்டாவது டெனர். பிளேக்கியின் குழுவில் டிரம்பெட் கலைஞர் லீ மார்கனோடு. அதே மாதம் நியூபோர்ட் ஜாஸ் விழாவிலும் அவர் வாசித்தார்.

குழப்பத்தைக் கூட்டும் ஒரு விஷயம்: படத்தின் விருந்தில் வாசிப்பவர்களாகத் திரையில் தெரிவது டோரம், ஜோர்டன், ரொவேர், கிளார்க், விலென். காதில் கேட்பது பிளேக்கியின் குழு. விலென் கண்ணுக்கும் தெரிகிறார், காதுக்கும் கேட்கிறார்.

அந்தப் படத்தின் புகழ்பெற்ற மெட்டு 'நோ ப்ராப்ளம்'. எழுதியவர் ட்யூக் ஜோர்டன். ஆனால் இசைத்தட்டில் ஜாக் மரே என்ற வேறு பெயர் அச்சானது. ஜோர்டனுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் அது. விலென் அந்த மெட்டைக் கடைசிவரை விடவில்லை. 1980களிலும் எடுத்து வாசித்திருக்கிறார்.

இப்படி உச்சத்தில் இருந்தவர் 1960க்குப் பிறகு எங்கே போனார்?

இந்தக் கேள்வியில் ஒரு வருத்தம் ஒளிந்திருக்கிறது. "அப்படியே தொடர்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாரே" என்ற வருத்தம். எனக்கு அது இல்லை. 22 வயதுக்குள் மைல்ஸ், மங்க், பிளேக்கி, பட் பவல் என்று எல்லோரோடும் வாசித்தாகிவிட்டது. அதே பாணியில் இன்னும் 40 வருடம் பத்திரமாக ஓட்டியிருக்கலாம். அவர் நின்றார். சில ஆண்டுகள் பெரிதாக எதுவும் வெளிவரவில்லை. திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார்.

1966இல் வந்த 'ஸோடியாக்' தட்டில் 12 ராசிகளுக்கு 12 துண்டுகள். கார்ல் பெர்கர் வைப்ரஃபோன், ழான் பிரான்சுவா ஜென்னி கிளார்க் பேஸ், ஜாக் தொலோ டிரம்ஸ். தாளமும் ஸ்வரக் கட்டமைப்பும் பிடி தளர்ந்த ஃப்ரீ ஜாஸ். முந்தைய விலெனைத் தேடிக்கொண்டு போனால் முதல் முறை ஏமாற்றமாக இருக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது, கட்டு தளர்ந்த அந்த இசைக்குள்ளும் பழைய நிதானம் அப்படியே இருப்பது பிடிபடும்.

கார் பந்தயச் சத்தத்தோடு ஒரு தட்டு போட்டார் என்பது உண்மையா?

உண்மை. அந்தச் சத்தம் ஒரு மரணத்தின் சத்தம்.

1967 மே 7, மொனாக்கோ கிராண்ட் பிரீ. இத்தாலிய வீரர் லொரென்ஸோ பாந்தினி ஃபெராரி ஓட்டிக்கொண்டிருந்தார். 82ஆவது சுற்றில் துறைமுகத்தை ஒட்டிய வளைவில் கார் மோதித் தீப்பற்றியது. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். அன்றைய பந்தயத்தின் ஒலி பதிவாகியிருந்தது. மொனாக்கோ விலென் பிறந்த நீஸுக்குப் பக்கத்து ஊர். அந்த ஒலிநாடாவை ஓடவிட்டு, அதன் மேல் 1968இல் ஒரு குழுவோடு வாசித்தார். பியானோவில் பிரான்சுவா துஸ்க், பேஸில் பெப் கெரான், டிரம்ஸில் எடி கோமோன். 'ஆட்டோ ஜாஸ்: லொரென்ஸோ பாந்தினியின் துயர விதி' என்பது தட்டின் பெயர். எம்.பி.எஸ். நிறுவனம் வெளியிட்டது.

கேட்பது சுலபமில்லை. எஞ்சின்கள் இடமிருந்து வலமாகச் சீறிப் போகின்றன, அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு சாக்ஸபோன் எழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கார் திரும்பி வரும். என்ன நடக்கப்போகிறது என்று கேட்கும் நமக்குத் தெரியும், அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. இறந்தவரின் சத்தத்தை இசையாக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதை ஒப்பாரியாகத்தான் கேட்கிறேன். எங்கேயும் அந்த விபத்தை வேடிக்கையாக்கவில்லை.

அதே 1968இல் இதற்கு நேர் எதிராக 'டியர் பிராஃப். லியரி' என்ற தட்டும் வந்தது. யோகிம் க்யூன், ஆல்டோ ரொமானோ போன்றவர்களோடு, பீட்டில்ஸ் பாட்டும் ஆர்னெட் கோல்மன் மெட்டும் ஒரே தட்டில். எல்.எஸ்.டி. ஆராய்ச்சியால் பெயர் பெற்ற திமொத்தி லியரியைக் குறிக்கும் தலைப்பு. அந்த ஆண்டின் கொதிப்பு முழுக்க அதில் இருக்கிறது. ஆனால் 'ஆட்டோ ஜாஸ்' அளவுக்கு என்னைத் தொடவில்லை.

ஆப்பிரிக்கப் பயணம் பற்றிச் சொல்லுங்கள்.

இதற்கு முன் கரோலின் தெ பெந்தர்ன் யார் என்று சொல்ல வேண்டும். 1968 மே 13 அன்று பாரிஸ் ஊர்வலத்தில், ஒருவர் தோளில் உட்கார்ந்து வியட்நாம் விடுதலை முன்னணிக் கொடியைப் பிடித்திருக்கும் ஒரு இளம்பெண்ணின் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண்தான் இவர். பிரபு குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயப் பெண், மாடலாக இருந்தவர். அந்தப் படத்தைப் பார்த்த தாத்தா சொத்தில் பங்கில்லை என்று சொல்லிவிட்டார். அவரும் விலெனும் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

1960கள் முடியும் தறுவாயில் இருவரும் சில கலைஞர்களும் படம் எடுப்பவர்களும் லேண்ட் ரோவர் வண்டிகளில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார்கள். மொராக்கோவிலிருந்து ஸான்ஸிபார் வரை போவது திட்டம். ஸான்ஸிபார் போய்ச் சேரவில்லை. சஹாராவைக் கடந்து, அல்ஜீரியா, நைஜர், மாலி என்று மேற்கு ஆப்பிரிக்காவில் அலைந்தார்கள். போன இடமெல்லாம் ஒலிப்பதிவு. கரோலின் அந்தப் பயணத்தைப் படமாகவும் எடுத்தார்.

பாரிசுக்குத் திரும்பி, ஒலிநாடாக்களோடு ஸ்டூடியோ வாசிப்பையும் சேர்த்து உருவானதுதான் 'மோஷி'. 1972இல் பியேர் பாரூவின் சரவா நிறுவனம் இரட்டை எல்.பி.யாக வெளியிட்டது. மோஷி என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் பொரொரோ ஃபுலானி மக்களிடையே ஒருவித ஆவேச நிலையைக் குறிக்கும் சொல். தட்டில் சந்தை இரைச்சல் வரும், பெண்கள் பாடுவது வரும், அங்கிருந்து நேராக மின்கிதாரும் மின்பியானோவும் கலந்த பாரிஸ் இசைக்குள் போய்விடும், மறுபடி ஊர்க் குரல்கள் வரும். 'தின்தி அபலேஸ்ஸா' என்ற ஒரு துண்டின் பெயரிலேயே தெற்கு அல்ஜீரியாவின் அபலேஸ்ஸா ஊர் இருக்கிறது.

ஐரோப்பியக் கலைஞர் வேறொரு கண்டத்தின் இசையை எடுத்துத் தன் தட்டுக்கு மசாலாவாகத் தூவுவது நிறைய நடந்திருக்கிறது. 'மோஷி'யில் பல இடங்களில் விலென் வாசிப்பதே இல்லை. ஊர்க்காரர்கள் பாடுகிறார்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் பெயர் போட்ட தட்டில் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்த சாக்ஸபோன்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மைல்ஸுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற அதே 20 வயதுப் பையன்தான் இது என்று தோன்றும்.

அதற்குப் பிறகு?

மறுபடி ஒரு நீண்ட இடைவெளி. 1970களின் மீதியில் பெரிய பதிவு எதுவும் இல்லை, பெரும்பாலும் நீஸ் பக்கம் இருந்தார். 1980களின் தொடக்கத்தில் ஒரு பங்க் ராக் குழுவோடு வாசித்தார். ஆமாம், மங்கோடு வாசித்த அதே மனிதர்தான்.

அவரைப் பற்றி ஒரு காமிக்ஸ் இருக்கிறதாமே?

'பார்னி ஏ லா நோத் ப்ளூ', அதாவது 'பார்னியும் நீல ஸ்வரமும்'. ஃபிலிப் பரேங்கோ எழுதி, ஜாக் தெ லுஸ்தால் வரைந்தது. முதலில் 'ஆ சுய்வ்ர்' இதழில் தொடராக வந்து, 1987இல் காஸ்தெர்மான் வெளியீடாகப் புத்தகமானது. அதன் நாயகன் 1950களின் ஒரு சாக்ஸபோன் கலைஞன். பெயரும் சாயலும் விலெனுடையவை, கதை கற்பனை.

உயிரோடு இருக்கும் ஒருவர் தன்னையே ஒரு கடந்தகாலக் கதாபாத்திரமாகப் பக்கங்களில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்! கோபப்பட்டிருக்கலாம். விலென் செய்தது வேறு. அந்தக் காமிக்ஸுக்கு இசை வாசித்தார். 'லா நோத் ப்ளூ' என்ற அந்தத் தட்டில் அலென் ழான் மரி பியானோ, ஃபிலிப் பெட்டி கிதார், ரிக்கார்தோ தெல் ஃப்ரா பேஸ், சாங்கோமா எவரெட் டிரம்ஸ். 'பெசாமே மூச்சோ'வில் தொடங்கி அதிலேயே முடிகிறது. நடுவில் பழைய 'நோ ப்ராப்ளம்' வருகிறது. காமிக்ஸ் படித்த புதிய தலைமுறை அவரைத் தேடி வந்தது. 50 வயதில் இரண்டாம் வாழ்க்கை.

திரும்பி வந்த பிறகு வாசிப்பு மாறியிருந்ததா?

நாதம் தடித்திருந்தது. மூச்சுக்காற்று ஸ்வரத்தோடு சேர்ந்தே கேட்கும். 1987இல் பதிவான 'ஃபிரெஞ்ச் பாலட்ஸ்' தட்டைப் போடுங்கள். 'ஜாஸ் சூர் சேன்' பற்றி மேலே சொன்னேன் அல்லவா? அதில் வாசித்த த்ரெனேயின் 'க் ரெஸ்த்தீல் தெ நோசமூர்' இதிலும் இருக்கிறது. 'நம் காதலில் எஞ்சியது என்ன' என்று கேட்கும் பாட்டு. 20 வயதில் வாசித்தபோது அது ஒரு நல்ல மெட்டு. 50 வயதில் அதே மெட்டு, கேள்வியாகவே கேட்கிறது. இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அவருடைய வாழ்க்கை வரலாறு என்று நான் எழுதும் எதையும்விட அது அதிகம் சொல்லும்.

பியானோவில் மிஷேல் கிராயே என்பதையும் கவனியுங்கள். 'மோஷி'யில் இருந்தவர். பாதை மாறினாலும் உடன் நடந்தவர்களை விலென் விட்டுவிடவில்லை.

அடுத்தடுத்து நிறைய வந்தன. மால் வால்ட்ரன் மூவர் குழுவோடு பிரெஞ்சுப் படப் பாடல்கள், 1991இல் ஃபிலிப் கத்தரீனும் பாலே டேனியல்சனும் சேர்ந்த 'சாங்க்சுவரி', பாடகி மரி மூரோடு பாடல்கள். ஜப்பானில் அவருக்குத் தனி ரசிகர் கூட்டமே இருந்தது. வீனஸ் நிறுவனத்துக்காக நியூயார்க்கில் கென்னி பேரனோடு பதிவு செய்த 'நியூயார்க் ரொமான்ஸ்' அங்கே மிகவும் விரும்பப்பட்டது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

புதிதாக வருபவர்களுக்கு 'லா நோத் ப்ளூ' அல்லது 'ஃபிரெஞ்ச் பாலட்ஸ்'. ராத்திரி, சத்தமில்லாத நேரம். அப்புறம் பின்னோக்கிப் போய் 'ஜாஸ் சூர் சேன்'. விறுவிறுப்பு வேண்டுமென்றால் 'அன் தெமுவான் தான் லா வீல்'. 'மோஷி'க்கு ஒரு ஞாயிறு மதியத்தை முழுசாக ஒதுக்குங்கள், துண்டு துண்டாகக் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. 'ஆட்டோ ஜாஸ்' கடைசியில். மைல்ஸ் தட்டை எப்படியும் கேட்டிருப்பீர்கள், இல்லையென்றால் இன்றே.

எப்படி இறந்தார்?

புற்றுநோய். வயது 59. கடைசி ஆண்டுகள் வரை பதிவுகள் செய்துகொண்டுதான் இருந்தார். டிரம்பெட் கலைஞர் என்ரிகோ ராவா கலந்துகொண்ட 'பாஸ்ஸியோனே' 1995இல் வந்தது.

அவர் மறைந்த பிறகு புதிதாக ஏதாவது வெளிவந்ததா?

வந்தது, அதுவும் சாதாரணமானதல்ல. வதீம் படத்துக்காக மங்க் வாசித்தது அந்தக் காலத்தில் தட்டாக வரவே இல்லை. ஒலிநாடாக்கள் எங்கே என்று யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை. மைல்ஸைப் பாரிசுக்கு வரவழைத்த மார்செல் ரொமானோ மறைந்த பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்தவற்றுக்குள் அவை கிடைத்தன. 2017இல், மங்கின் நூற்றாண்டில், சாம் ரெக்கார்ட்ஸ், சாகா என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்டன. 1957இல் மங்கின் மெட்டுகளைத் தன் முதல் தட்டுக்காக வாசித்துப் பழகிய பையன், இரண்டே ஆண்டில் மங்கின் பியானோவுக்குப் பக்கத்திலேயே நின்று அவற்றை வாசிப்பதை அதில் கேட்கலாம். ரௌஸும் விலெனும் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் எது யார் என்று முதலில் பிரித்தறிய முடியாது. கொஞ்ச நேரம் கேளுங்கள். அவசரப்படாமல், அரை அடி பின்னால் வருவது விலென்.